பன்னிரண்டு ஷரத்துகளில் விட்டுப்போனது

நான் ஏரோப்ளேன் ஓட்டியதில்லை. ஆனால் ஏரோப்ளேன் ஓட்டுவதற்காகக் குடுமியோடு சேர்த்துத் தலைக்கு அளவு கொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அளவு எடுத்தவர் நூலைத் தலையைச் சுற்றிப் பிடித்து, இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு, "லண்டனுக்கு அனுப்பி வச்சிடறேன் சார்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நூல் எங்கே போயிற்றோ தெரியாது. இதைக் கேட்டால் என் பேரன்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இருபது வயதில் அவர்கள் செய்கிற காரியங்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. அப்பா பத்திரம் எழுதுகிறவர். ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தாலும், சிக்கலான சொத்து என்றால் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர்கள்கூடக் கொள்ளிடத்தைத் தாண்டி அவரிடம் வருவார்கள். ஒரு தென்னை மரம் பக்கத்து மனைப் பக்கம் சாய்ந்திருந்தால், விழுகிற தேங்காய் யாருக்கு, மட்டை யாருக்கு என்பதுவரை எழுதிவிடுவார். அவர் எழுதிய பத்திரத்தில் ஒரு வக்கீலும் ஓட்டை கண்டுபிடித்ததில்லை. அந்தப் பெருமையை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்கள் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. தபால் ஏரோப்ளேன் மெட்ராஸிலிருந்து திருச்சிக்கு வர ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வடக்கே கொள்ளிடத்துப் பக்கம் சத்தம் கேட்டதும் வீதியே வாசலுக்கு வந்துவிடும். தளிகை செய்துகொண்டிருந்த அம்மாகூடக் கரண்டியோடு வந்து நிமிர்ந்து பார்ப்பாள். நான் பார்க்கிறதோடு நிறுத்தவில்லை. அதற்குள்ளே உட்கார்ந்திருப்பவன் ஒரு மனிதன்தானே, அவனுக்கு இரண்டு கை இரண்டு கால்தானே, நான் ஏன் அங்கே உட்காரக் கூடாது என்று எண்ணினேன். இண்டர்மீடியட் தேறியிருந்தேன். கண் பார்வை கூர்மை. தைரியத்துக்கு எனக்கு எந்தக் காலத்திலும் குறைச்சல் இருந்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் கோட்டை ரயில் நிலையத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆகாய விமானப் பயிற்சிப் பள்ளி, பத்தே மாதப் படிப்பு, தேறியவர்களுக்குத் தபால் ஏரோப்ளேனில் வேலை நிச்சயம், கலெக்டர்களும் பொறாமைப்படும் சம்பளம், உடுப்பு இலவசம். 'நிச்சயம்' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். நான் அதைக் கிழித்து மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், மற்றவன் எவனும் பார்க்கக் கூடாது என்று.

பள்ளி தென்னூரில் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது. இரண்டே அறை. அதை நடத்தியவர் வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, தன்னைப் பிரின்ஸிபால் என்று அழைக்கச் சொன்னார். மெட்ராஸ் பேச்சு. முன்னறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏரோப்ளேனின் மூக்கில் சுற்றுகிற மர விசிறி ஒன்றை மாட்டியிருந்தார். வார்னிஷ் பளபளத்தது. அதைக் கண்டதுமே எனக்குப் பாதி வேலை கிடைத்துவிட்டது. உள்ளறையில் நாவிதர் கடையில் இருக்கிற மாதிரி சுழல் நாற்காலி ஒன்று. அதன்முன் தரையில் ஒரு தடியை நட்டிருந்தார்கள். தடியை இடது பக்கம் சாய்த்தால் நாற்காலியை அவரே இடது பக்கம் திருப்புவார். "கை வாகு இருக்கு சார் உங்களுக்கு. உங்களை மாதிரி ஆளுங்க தானா வந்து அமையறது கஷ்டம்," என்றார். நான் அதை முழுசாக நம்பினேன். இன்றைக்கும் கொஞ்சம் நம்புகிறேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். விழுந்தால் என்ன ஆகும் என்று அம்மா அழுதாள். அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. அரை நாள் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது மெட்ராஸ்லேர்ந்து வரச்சே பெருமாளுக்கு மேலே வருமோ?"

"தெரியலை அப்பா."

"பெருமாள் சயனிச்சுண்டிருக்கார். அவருக்கு மேலே நீ காலை நீட்டிண்டு போறதா? அது நடக்காது. அதுக்கு ஒரு வழி பண்ணினா மேலே பேசலாம்."

இங்கேதான் எங்கள் வீட்டுக்கே உரிய பைத்தியக்காரத்தனம் தொடங்கியது. வேறு வீட்டில் என்றால் 'வேண்டாம்' என்றோ 'சரி' என்றோ முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் எதையும் எழுதித்தான் முடிப்பார்கள். அப்பா ஸ்டாம்பு பேப்பர் வாங்கினார். பள்ளிக்கும் எனக்கும் இடையே ஓர் உடன்படிக்கை தயார் செய்தார். மூன்று நாள் எழுதினார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். மொத்தம் பன்னிரண்டு ஷரத்து.

முதல் ஷரத்து, மாணவன் உத்தியோகத்தில் அமர்ந்தபின் ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு பிராகாரங்களுக்கும் மேலாக எக்காலத்தும் எக்காரணம் கொண்டும் ஏரோப்ளேனைச் செலுத்தும்படி உத்தரவிடப்படக் கூடாது என்பது. இரண்டாவது, ஏகாதசியில் பறக்கச் சொல்லக் கூடாது. உபவாசத்தில் தலை சுற்றும். மூன்றாவது, அஸ்தமன வேளையில் ஆகாயத்தில் இருக்க நேர்ந்தால் சந்தியாவந்தனத்துக்காகத் தரையிறங்க அனுமதிக்க வேண்டும். நான்காவது, மாணவனின் குடுமியை எடுக்கச் சொல்லக் கூடாது. அதற்கு ஏற்றபடி தொப்பி தைத்துக் கொடுக்க வேண்டும். கொழும்புக்கு அனுப்பினால் கடல் தாண்டிய தோஷத்துக்கு என்ன செய்வது, காவேரித் தீர்த்தம் நிரப்பிய கூஜாவை எங்கே வைப்பது, இப்படியே பன்னிரண்டு.

அப்பாவும் நானும் தென்னூர் மாடிக்குப் போனோம். பிரின்ஸிபால் எழுந்து நின்று கும்பிட்டார். அப்பா ஒவ்வொரு ஷரத்தாகப் படித்தார். கோயில் ஷரத்துக்குப் பிரின்ஸிபால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஸ்வாமி, இது நீங்க சொல்லித்தானா தெரியணும்? பெருமாள் மேல யாராவது பறப்பாங்களா?" என்றார். ஏகாதசி, சந்தியாவந்தனம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். குடுமித் தொப்பியில் மட்டும் முரண்டு பிடித்தார். லண்டன் கம்பெனி ஒத்துக்கொள்ளாது, தொப்பித் தோல் வீணாகும், மற்ற மாணவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அரைமணி நேரம் வாதாடினார். அப்பாவுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. பேச்சில் சுறுசுறுப்பு வந்தது. கடைசியில் பிரின்ஸிபால் பெருமூச்சு விட்டு, "உங்க கிட்ட ஜெயிக்க முடியாதுங்க" என்று கையெழுத்துப் போட்டார். உடனே நூலை எடுத்து என் தலையை அளந்தார்.

திரும்பும்போது அப்பா ஜட்கா வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "நாலாவது ஷரத்துலே மசியமாட்டான்னு பார்த்தேன். மசிஞ்சுட்டான்," என்றார். நானும் அவருக்குச் சமமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கட்டணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. போனது போனதுதான்.

படிப்பு தொடங்கியது. நாங்கள் ஏழு பேர். தினமும் காலையில் மேகங்களின் வகைகள், காற்றின் திசை, திசைமானி பார்ப்பது, மழைக்கு அறிகுறி என்று பிரின்ஸிபால் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து படிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். மத்தியானம் சுழல் நாற்காலி. ஏரோப்ளேன் எப்போது வரும் என்று கேட்டால், கப்பலில் வருகிறது என்பார். ஒரு மாதம் அது ஏடனில் இருந்தது. அடுத்த மாதம் பம்பாய். பிறகு எப்படியோ மறுபடியும் ஏடனுக்கே போய்விட்டது. நாங்கள் படிக்கிறது பறக்கிற சமாசாரம். எங்கள் ஏரோப்ளேனோ கடலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஏழு பேரில் ஒருவனுக்கும் இது உறைக்கவில்லை. நான்தான் அவர்களில் புத்திசாலி என்று வேறு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ரயில்வே ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. முன்பே குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தேன். அதை மறந்தும் போயிருந்தேன். வருகிற திங்கட்கிழமை காலை வந்து வேலையில் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. திருச்சியில் அன்று ரயில்வே வேலை என்றால் சாகிறவரை சாப்பாடு, செத்தபிறகு பெண்டாட்டிக்குச் சாப்பாடு. மறுபடி பரீட்சை எழுதலாம் என்றால் அதற்குள் வயது தாண்டிவிடும். அப்பா உத்தரவை இரண்டு தடவை படித்தார்.

"நீ என்ன சொல்றே?"

"ஏரோப்ளேன்தான் அப்பா."

"பத்திரம் இருக்கு. தைரியமா இரு," என்றார். என் பேச்சை அவர் நம்பவில்லை. தன் பத்திரத்தை நம்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை ரோடு வழியாக ஏரோடிரோமுக்குப் போனேன். இனிமேல் என் இடம் அதுதானே, ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று. பெரிய மைதானம், ஒரு தகரக் கொட்டகை, காற்று பார்க்கிற துணிக்குழாய் ஒன்று கம்பத்தில். தபால் ஏரோப்ளேன் நின்றுகொண்டிருந்தது. ஒருவர் அதன் மேல் ஏறி நின்று, தகர டின்னிலிருந்து தோல் வடிகட்டி வழியாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். திருச்சி முஸ்லிம். தென்னூரில் எங்கள் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்று பிறகு தெரிந்தது. அன்று அவரை 'பாய்' என்று கூப்பிட்டேன்; கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன்.

"அடுத்த வருஷம் இதிலே நான் உட்காருவேன் பாய்," என்றேன்.

அவர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. "அப்படிங்களா தம்பி? எங்க படிக்கிறீங்க?"

சொன்னேன்.

"அங்க மெஷின் இருக்குங்களா?"

"கப்பலில் வருகிறது."

"எவ்வளவு மணி நேரம் பறந்திருக்கீங்க?"

"நாற்காலியிலே பழகுகிறோம்."

அவர் கை துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. இதை ஓட்டறவங்க லைசன்ஸ் வாங்கணும்னா ஆகாசத்துல இத்தனை மணி நேரம்னு கணக்கு இருக்கு. அதுக்கு மெட்ராஸ்ல க்ளப்பு இருக்கு, அங்க மெஷினும் இருக்கு. லைசன்ஸ் வாங்கினவங்களே வேலை இல்லாம வருஷக்கணக்கா சுத்தறாங்க. முன்கூட்டியே நிச்சயம்னு சொல்ல எவராலயும் முடியாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்களிடம் பத்திரமே இருக்கிறது என்று முதல் ஷரத்தை அப்படியே ஒப்பித்தேன். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு அல்ல.

"கோயிலுக்கு மேல பறக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்தாரா?"

"கையெழுத்தும் போட்டிருக்கிறார்."

"மெட்ராஸ்லேர்ந்து இங்க வர்ற மெஷின் ஸ்ரீரங்கத்தை ஒட்டித்தானே வந்தாகணும் தம்பி. மேகம் இருந்தா அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் இறங்கறாங்க. இதுக்கு ஒருத்தர் யோசிக்காம கையெழுத்துப் போட்டாருன்னா, அவர் ஏரோப்ளேன் ஓட்டற ஆளும் இல்ல, ஓட்ட விடப்போற ஆளும் இல்ல. ஒரு தடவைகூட மேல போனவரா இருந்தா, அந்த ஒரு ஷரத்துக்குத்தான் சண்டை போட்டிருப்பாரு."

அவர் சொன்னது அத்தனையும் சரி என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. சந்தேகம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், தெரிந்துவிட்டது. குடுமித் தொப்பிக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டியவர் கோயிலுக்கு ஏன் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்பது அந்த நிமிஷம் விளங்கியது. ஆனால் நான் என்ன செய்தேன்? "பெட்ரோல் ஊற்றுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் எனக்கு என்மேலே ஆத்திரம் வருகிறது. அவர் காலி டின்களை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

நடுவில் இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை நான் யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா தயக்கத்தோடு என்னிடம் வந்து, "ஏரோடிரோம் போனியாமே, ஏதாவது சேதி உண்டா?" என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால் வீதி முழுக்க நான் பேசிய பேச்சு என்ன ஆவது? அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாளே, அது என்ன ஆவது? பெட்ரோல் ஊற்றுகிறவர் ஒருவர் என் புத்தியைத் திருத்தினார் என்று எப்படிச் சொல்வது? "ஒண்ணும் இல்லை அப்பா. எல்லாம் சரியா இருக்கு," என்றேன். திங்கட்கிழமை காலையில் ரயில்வே ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விரைவில் ஆகாய மார்க்க உத்தியோகத்தில் அமர இருப்பதால் தங்கள் வேலையை ஏற்க இயலாதவனாக இருக்கிறேன் என்று நல்ல இங்கிலீஷில் எழுதி, நானே தபால் பெட்டியில் போட்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு ஐந்தாவது வாரம் பள்ளியின் மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. கீழே தையல்காரர், "முந்தாநாளே போயிட்டாருங்க, ஜாமானோட" என்றார். மர விசிறியை மட்டும் கீழே கடையில் விட்டுப் போயிருந்தார். தையல்காரர் அதைக் காட்டி, நம் ஊர்த் தச்சன் செய்ததுதான், வரைபடம் போட்டுக் கொடுத்துச் செய்யச் சொன்னார் என்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அப்பா பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். பூட்டின கதவுக்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை நிதானமாகப் படித்தார். முடித்ததும் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏரோப்ளேன்னு ஒண்ணு இருக்கணும்னு நான் எழுதலையேடா," என்றார்.

அது உண்மை. கூஜாவுக்கு இடம் எழுதியவர், ஏரோப்ளேனுக்கு இடம் எழுதவில்லை. அதை வேடிக்கையாக எண்ணிச் சிரிக்கலாம் என்று நான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு மில்காரர் பாகப் பத்திரம் எழுத வந்தார். அப்பா, "கண் சரியில்லை. வேற யார்கிட்டயாவது எழுதிக்கோங்கோ," என்று அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்து வந்தவருக்கும் அதே பதில். ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பஞ்சாங்கத்தில் பொடி எழுத்தை வாசல் வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் படிப்பார். சொந்தப் பிள்ளைக்கு ஒழுங்காக ஒரு பத்திரம் எழுதத் தெரியாதவன் ஊருக்கு எழுதலாமா என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னாராம். அம்மா என்னிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஏமாற்றியவன் ஒருவன், ஏமாந்தவர் அப்பா என்று ஊர் பேசிற்று. நடுவில் தெரிந்தே வாய் மூடியிருந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அப்புறம் பாய்க்குத் தெரியும்.

நான் சும்மா உட்காரவில்லை. பிள்ளைகளுக்கு டியூஷன் சொன்னேன், டைப் அடித்தேன். சண்டை வந்ததும் ஏரோடிரோம் பெரிதாயிற்று. அங்கே வானிலை பார்த்துக் குறித்துத் தந்தி கொடுக்கிற பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். நேரில் கூப்பிட்ட அதிகாரி ஜன்னல் வழியாகக் காட்டி, அது என்ன மேகம் என்றார். சொன்னேன். இன்னும் எத்தனை வகை என்றார். பிரின்ஸிபாலின் தடித்த புத்தகத்தில் இருந்தது முழுவதும் எனக்கு மனப்பாடம். நிறுத்தச் சொல்கிறவரை நிறுத்தவில்லை. வேலை கிடைத்தது. அந்த மனுஷன் கொடுத்த வாக்குகளில் ஒன்றும் பலிக்கவில்லை என்று என்னால் முழுக்கச் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு இன்றும் எரிச்சல்தான். முதல் நாள் கொட்டகை வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார். "வாங்க தம்பி. ஒரு வழியா மெஷினுக்குப் பக்கத்துல வந்துட்டீங்க," என்றார். நான் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குங்க? நான் பெட்ரோல் ஊத்தறவன்தானே," என்று சிரித்தார். வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். நான் வேண்டாம் என்றால் ஏரோப்ளேன் கிளம்பாது. ஓட்டுகிறவர்கள் என் மேஜைக்கு வந்து வானம் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

சண்டை முடிந்த மறுவருஷம், அப்பா தானாகவே ஒருநாள், "அந்த ஏரோப்ளேனை ஒரு தடவை கிட்டத்துலே பார்க்கணும்டா," என்றார். அதுவரை அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. பாய் அனுமதி வாங்கி வைத்தார். காலைப் பொழுது. பயணிகள் ஏரோப்ளேன் ஒன்று நின்றிருந்தது. அப்பா பஞ்சகச்சமும் மேல்வேஷ்டியுமாக மைதானத்தில் மெதுவாக நடந்து வந்தார். றெக்கைக்குக் கீழே வந்ததும் நின்று, கையைத் தூக்கி உள்ளங்கையை முழுசாக அதன் அடிப்பக்கத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இதைத்தான் எழுதலை," என்றார். "இதைத் தொட்டுப் பார்த்துட்டுன்னா எழுத உட்கார்ந்திருக்கணும். என் தப்பாலே உன் ரயில்வே வேலை போச்சு."

பாய் என்னைப் பார்த்தார்.  குனிந்து சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டு வருஷமாக அவர் நினைத்திருந்தால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்பா, எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தப் பள்ளி பொய்னு தெரியும். பாய் அன்னிக்கே சொன்னார். திங்கட்கிழமைக்கு முன்னாடி. நீங்க கேட்டப்போ ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன். உங்க பத்திரத்தாலே போகலை. என்னாலே போச்சு."

அப்பா கையைக் கீழே இறக்கினார். உள்ளங்கையில் எண்ணெயும் தூசியும் ஒட்டியிருந்தன. என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாயைப் பார்த்து, "ரொம்ப உபகாரம்," என்று கைகூப்பினார்.  சத்திரம் தாண்டி, காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியபிறகுதான் வாயைத் திறந்தார்.

"எந்தக் கிழமை?"

"வெள்ளிக்கிழமை."

"எத்தனை மணி?"

"சாயங்காலம் அஞ்சு இருக்கும்."

"சனி, ஞாயிறு," என்று விரலை மடக்கினார். அதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் கைகால் அலம்பிக்கொண்டு, பழைய பெட்டியைத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டு ஷரத்துப் பத்திரம் மடிப்புக் கலையாமல் இருந்தது. எட்டு வருஷமாகத் தொடாத மைக்கூட்டைக் கேட்டார், மை உலர்ந்திருந்தது. அம்மா என் மேஜையிலிருந்து புது மைப் புட்டியை எடுத்து வந்தாள். அப்பா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதத் தொடங்கினார். ஒரு அடித்தல் இல்லை. எழுதி முடித்து, ஊருக்கு எழுதும்போது செய்கிற வழக்கப்படி, உரக்கப் படித்துக் காட்டினார்.

"ஷரத்து பதிமூன்று. மாணவன் தனக்குத் தெரிந்ததைத் தெரிந்த அன்றே தகப்பனாரிடம் சொல்ல வேண்டியது. தவறினால், அதனால் வரும் நஷ்டத்துக்குத் தகப்பனார் பொறுப்பல்ல."

பத்திரத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். போட்டேன்.   சாட்சிக்கு அம்மாவைக் கூப்பிட்டார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"உங்களுக்குக் கண் தெரியலைன்னு சொன்னேளே?"

"மை நன்னா இருக்கு," என்றார் அப்பா. "அந்த மில்காரர் பிள்ளை பாகம் பிரிக்கறதா கேள்விப்பட்டேன். நாளைக்கு வரச் சொல்லு. முதல்லே நிலத்தைப் பார்க்கணும்னு சொல்லு."